பம்பரில் சோலார் திரை: காப்புரிமைக்குப் போவதா, வேறு வழி பார்ப்பதா?

கோத்தகிரியில் என் மனைவியின் தம்பி ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கிறான். பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிகள்தான் அவனுக்குப் பெரும்பாலும் வாடிக்கை. தன்னுடைய பழைய பிக்கப்பின் பின்பக்க பம்பரைக் கழற்றி, கடைகளின் முகப்பில் ஓடுகிற எழுத்துப் பலகை மாதிரி ஒன்றை உள்ளே பொருத்தி, பம்பரிலேயே சோலார் தகடும் பதித்து, வண்டி பேட்டரியைத் தொடாமலே எரியும்படி செய்துவிட்டான். மேகம் இறங்கும் நேரத்தில் பின்னால் வருகிறவருக்கு 'வளைவு', 'நிற்கிறேன்', 'முந்தாதே' என்று ஆரஞ்சு எழுத்தில் காட்டும். வேலை முடிந்த அன்று ராத்திரியே போன் பண்ணினான்.

"மாமா, இதுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?"

காப்புரிமை முகவர் ஒருவரிடம் சில வருடம் வரைவு எழுதிக்கொண்டிருந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். 'இது' என்று அவர்கள் கைகாட்டுவது முழுப் பொருளை. சட்டமோ அதற்குள் எது புதிது என்று மட்டும்தான் பார்க்கும். அதனால் கிடைக்கும், கிடைக்காது என்று போனில் சொல்லிவிட முடியாது. அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: காப்புரிமை, வடிவமைப்புப் பதிவு, ரகசியமாக வைத்துக்கொள்வது, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு விற்பனையில் இறங்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலேயே உட்கார்ந்து நாலையும் அலசினோம்.

முதல் வேலை தேடல். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் நாட்டின் இன்பாஸ் மூன்றும் இலவசம். வெறும் சொல்லை வைத்துத் தேடினால் குப்பையாக வந்து கொட்டும். காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டும். பி60ஆர் 19/48 என்பது வேறு பொருளோடு சேர்ந்த, அல்லது வேறு பொருளாக மாறுகிற பம்பர்களுக்கான அறை. அதற்கு அந்தப் பட்டியலே கொடுக்கும் உதாரணங்கள், சாலை கூட்டும் பிரஷ் சேர்ந்த பம்பரும் படுக்கையாக மாறும் பம்பரும். மச்சினன் ஒரு நிமிடம் அசந்துபோனான். "படுக்கையாவா? அப்ப நான் செஞ்சது ஒண்ணுமே இல்ல மாமா." வண்டியின் நோக்கத்தைப் பிறருக்குக் காட்டும் விளக்குகளுக்கு பி60கியூ 1/50, வண்டிமேல் விளம்பரத்துக்கு ஜி09எஃப் 21/04. இந்த மூன்று அறைகளையும் திறந்து பார்த்தவர்கள், 'பம்பரில் திரை என்பது என் யோசனை' என்று அப்புறம் சொல்ல மாட்டார்கள்.

காப்புரிமை ஆவணங்களுக்கு வெளியேயும் நிறைய இருக்கிறது. 2015இல் சாம்சங் அர்ஜென்டினாவில் ஒரு லாரி காட்டியது. முன்னால் கேமரா, பின் கதவில் நான்கு திரைகள். பின்னால் வருகிற கார்க்காரர் லாரிக்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு முந்தலாம். 2017இல் ஸ்மார்ட் நிறுவனம் காட்டிய மாதிரிக் காரில் முகப்புக் கிரில்லே ஒரு திரை. எதிரே நிற்பவருக்குச் செய்தி சொல்லும். வண்டியின் உடம்பில் சோலார் வேண்டுமா? 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரிலேயே கூரைத் தகடு காற்றாடியை ஓட்டியது. இவை எல்லாம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் நம் காப்புரிமைப் பரிசோதகர் மேசைக்கு வரும்.

ஆக, 'வண்டி பம்பரில் பொருத்திய சோலார் திரை' என்ற அகலமான கோரலை, அதாவது எதற்கு உரிமை வேண்டும் என்று எழுதும் வாசகத்தை, அங்கேயே அடித்துவிட்டோம். அதைக் காப்புரிமைச் சட்டம், 1970இன் வார்த்தையில் சொன்னால் இன்னும் கசப்பாக இருக்கும். பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து அடுக்குவதும், மாற்றி அடுக்குவதும், அவை ஒவ்வொன்றும் தெரிந்த விதத்தில் தனித்தனியாக இயங்கினால், கண்டுபிடிப்பே ஆகாது. தகடு மின்சாரம் தருகிறது, பேட்டரி சேமிக்கிறது, திரை எரிகிறது, பம்பர் இடி வாங்குகிறது. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை. நாலு பேர் ஒரே பஸ்ஸில் போவதால் அவர்கள் ஒரு குடும்பம் ஆகிவிடுவதில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வழக்கு ஒன்று உண்டு. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம், 1978. உலோகப் பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான கருவிக்குக் கொடுத்த காப்புரிமை அது. பட்டறையில் கைதேர்ந்த ஆள் தன் அனுபவத்தால் செய்துவிடக்கூடிய மேம்பாடுதான் இது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. என் மச்சினன் மாதிரி ஆட்களுக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் படும். பட்டறைக்காரன் செய்தால் பட்டறை வேலை, ஆய்வகத்தில் செய்தால் கண்டுபிடிப்பா என்று கேட்டான். ஆளைப் பார்த்து அல்ல, தெரிந்ததிலிருந்து எவ்வளவு தூரம் தாவியிருக்கிறது என்பதைப் பார்த்து என்றேன். அமெரிக்காவிலும் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் கதை இதேதான். அங்கே சண்டை கார் ஆக்சிலரேட்டர் பெடலில் எலக்ட்ரானிக் சென்சார் கோத்ததைப் பற்றி. யாருக்கும் தோன்றக்கூடிய சேர்க்கை என்று தள்ளிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் எழுந்து வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் கிட்டத்தட்ட அந்த மனநிலையில்தான் இருந்தேன். அப்போதுதான் அவன் மல்டிமீட்டரை எடுத்தான்.

20 வாட் தகடு ஒன்றைப் பட்டறை வாசலில் வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தான். 1.05 ஆம்பியர். அதையே பம்பரில் நிற்கிற மாதிரி செங்குத்தாக்கினான். பாதிக்குக் கீழே போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து எதிர்ச் சரிவு மறைந்தது. மீட்டரில் 0.06. ஆனால் வோல்ட் மட்டும் அவ்வளவாக இறங்கவில்லை, 17ஐ ஒட்டியே நின்றது. வெளிச்சம் குறைந்தால் தகட்டின் ஆம்பியர்தான் அதே விகிதத்தில் விழும், வோல்ட் சீக்கிரம் விழாது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள்: திரை அதிகம் தேவைப்படும் நேரமும் தகடு பட்டினி கிடக்கும் நேரமும் ஒன்று. சமவெளியில் இந்தச் சிக்கலே கிடையாது. பல்லடத்திலோ உடுமலையிலோ இதைச் செய்தவன் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டான்.

இவன் வந்திருக்கிறான், வந்து ஒரு வழியும் கண்டுபிடித்திருக்கிறான். அந்த வழியை இங்கே எழுத மாட்டேன். விண்ணப்பம் போடும் முன் நான் அதை எழுதி, நீங்கள் படித்துவிட்டால், அதுவே ஏற்கெனவே வெளியானது ஆகிவிடும். அவன் குழியை நானே தோண்டியவன் ஆவேன். அதற்குப் பதில் நானாக யோசித்த ஓர் உதாரணம் சொல்கிறேன். திரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒருமுறை மின்னுகின்றன. மூடுபனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் சோலார் தகடே உணர்கிறது. திரும்பி வந்த அளவை வைத்துப் பனியின் அடர்த்தியைக் கணித்து, எழுத்தின் அளவையும் பிரகாசத்தையும் திரை மாற்றிக்கொள்கிறது. இங்கே தகடு வெறும் மின்சாரம் கொடுக்கவில்லை, திரைக்குக் கண்ணாக இருக்கிறது. திரை வெறுமனே எரியவில்லை, தகட்டுக்கு டார்ச் அடிக்கிறது. தனித்தனியாக இயங்குகின்றன என்று 3(எஃப்) இதன் மேல் பாய முடியாது. தோட்டத்துச் சோலார் விளக்கு தன் தகட்டை வைத்தே இருட்டை உணர்கிறது என்பது உண்மை. அதனால் தகடு சென்சார் ஆவது புதிதல்ல, கேள்வி இந்த இரட்டை வேலையில்தான். (இதை இங்கே எழுதிவிட்டேன். இனி இதற்கு யாரும் உரிமை கேட்டுப் போக வேண்டாம்.)

திரையில் எந்த வாசகம் வர வேண்டும் என்ற யோசனைக்கு ஒன்றும் கிடைக்காது. தகவலைக் காட்டுவது என்ற அளவில் 3(என்) தடுக்கும். வாசகத்தை மாற்றும் நிரல் மட்டும் என்றால் 3(கே). பம்பரில் விளம்பரம் ஓட்டிக் காசு பார்க்கும் திட்டம் வியாபார முறை, அதுவும் 3(கே)தான். இவற்றில் நேரம் செலவழிக்கவில்லை.

காப்புரிமைக்கு எவ்வளவு ஆகும்? அரசுக் கட்டணத்தைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்கு ரூ.1,600. பரிசோதனை கேட்க ரூ.4,000, இந்தக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 2024 திருத்தத்துக்கு முன் 48 மாதம் இருந்தது. பத்துக்கு மேல் கோரல், முப்பதுக்கு மேல் பக்கம் போனால் கூடுதல். கிடைத்த பிறகு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிக்க வேண்டும்: முதலில் வருடம் 800, அப்புறம் 2,400, 4,800, கடைசி ஐந்து வருடம் 8,000. இருபது வருடமும் உயிரோடு வைத்திருந்தால் புதுப்பிப்பு மட்டும் ரூ.76,800. வேண்டாம் என்றால் நடுவிலேயே விட்டுவிடலாம். பெரும்பாலான சிறு ஆட்கள் அப்படித்தான் விடுவார்கள். உண்மையான செலவு முகவருக்குத்தான். அதில் கஞ்சத்தனம் பார்த்து இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதிய கோரல்களை நான் படித்திருக்கிறேன். ஓட்டைப் பக்கெட் அதைவிடத் தண்ணீர் பிடிக்கும்.

கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுக்கும் விவரக்குறிப்பு முழுமையானதா, தற்காலிகமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிரிவு 9இன்படி தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்தால் அன்றைய தேதி கைக்கு வந்துவிடும், முழுமையானதை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும், கட்டணமும் அதே 1,600தான். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவன் ஒரு தென்மேற்குப் பருவமழை, ஒரு வடகிழக்குப் பருவமழை, ஒரு உறைபனிக் காலம் மூன்றையும் வண்டியில் பார்த்துவிடுவான். ஒரு எச்சரிக்கை உண்டு: தற்காலிகத்தில் இல்லாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது. 'சோலார் திரையும் பம்பரும்' என்று நாலு வரி எழுதிப் போட்டால் நாலு வரிக்குத்தான் பாதுகாப்பு. இணைப்புப் படம், ஆம்பியர் கணக்கு, தோற்றுப்போன முதல் இரண்டு மாதிரிகள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன்.

இனி வடிவமைப்புப் பதிவு. வந்த வேகத்தில் நான் இதைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தேன். வடிவமைப்புச் சட்டம், 2000, கட்டணம் ரூ.1,000, பத்து வருடம், அப்புறம் ஐந்து வருடம் நீட்டிப்பு. கண்ணுக்குத் தெரிகிற வடிவத்துக்கு மட்டும்தான். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. பம்பர் மாதிரியான பொருளுக்கு வடிவம்தானே பாதி வியாபாரம். விரைவாகவும் கிடைக்கும்.

"சரி, யாருக்காவது காட்டினியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

கட்டபெட்டு வளைவில் ஒரு நாள் சாயங்காலம் மேகத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறான். பின்னால் இ-பாஸ் வாங்கி வந்த சுற்றுலாக் கார் ஒன்று. அந்தக் காரில் இருந்தவர்கள் பம்பரை வீடியோ எடுத்து, ஊர் போய்ச் சேரும் முன்னால் போட்டுவிட்டார்கள். மச்சினனுக்கு அதை அனுப்பியவனே பட்டறையில் வேலை பார்க்கும் பையன்தான். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள், நாலு பேர் 'இது எங்கே கிடைக்கும்' என்று கேட்டிருக்கிறார்கள். இவனும் பெருமையில் பூரித்துப்போயிருக்கிறான்.

பொதுவெளியில் ஏற்கெனவே வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. அந்த வீடியோவில் பம்பரின் வெளித்தோற்றம் பளிச்சென்று தெரிகிறது. ஆக அந்த வடிவத்துக்கு வழி மூடிவிட்டது. நம்பிக் காட்டிய ஆள் அந்த நம்பிக்கையை மீறி வெளியிட்டுவிட்டால் பாதகமில்லை என்கிற விலக்கு, ரோட்டில் பின்னால் வந்தவருக்குப் பொருந்தாது.

காப்புரிமைப் பக்கம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. வீடியோவில் ஆரஞ்சு எழுத்து தெரிகிறது, தகடு தெரிகிறது. உள்ளே நடக்கிற சங்கதி எதுவும் தெரியவில்லை. அதைப் பார்த்து எந்த எலக்ட்ரீஷியனும் அவன் வழியைப் பிடித்துவிட முடியாது. அது போக, பிரிவு 32 ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், பொதுவெளியில் செய்தால்தான் முடியும் என்ற நிலையில் இயக்கிப் பார்த்திருந்தால் அது கண்டுபிடிப்பைக் கெடுக்காது. மேகத்தைப் பட்டறைக்குள் கொண்டுவர முடியாது என்று தாராளமாக வாதிடலாம். ஆனால் அன்றைக்கு வண்டியில் வாடகைக்கு இலை மூட்டையும் இருந்ததாம். சோதனையா, சவாரியா என்று எதிராளி கேட்டால் சிரமம்தான். ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் பிரிவு 32ஐ ஸ்டெப்னி மாதிரி வைத்துக்கொள், அதை நம்பி மலை இறங்காதே என்றேன்.

ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா என்பதை அவனேதான் கேட்டான், அவனேதான் பதிலும் சொன்னான். பம்பர் நாலு போல்ட். வாங்குகிறவன் 14ஆம் நம்பர் ஸ்பானரை எடுத்தால் ரகசியம் வெளியே. சிப்புக்குள் பூட்டிய நிரலை வேண்டுமானால் கொஞ்ச நாள் காக்கலாம்.

எல்லோருக்கும் சொல்லிவிடுவது நான் லேசாக எடுத்துக்கொள்கிற வழி அல்ல. விளக்கமாக எழுதி வெளியிட்டுவிட்டால் அப்புறம் பெரிய கம்பெனி எதுவும் அதையே தன் பெயரில் வாங்கி இவனை மிரட்ட முடியாது. ஒரு பைசா செலவில்லை. மாதம் பத்து வண்டிக்குப் பொருத்தி, கூலியில் லாபம் பார்ப்பதுதான் திட்டம் என்றால் இதுவே போதும். அவன் தகட்டைப் பொருத்தியிருக்கும் பிராக்கெட், மழைத் தண்ணீர் வடியும் துளை, சேறு படாத சாய்வு, இவற்றுக்கெல்லாம் இதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவன் கண் வண்டித் தயாரிப்பாளர்கள் மேல் இருக்கிறது. அங்கே கையில் விண்ணப்ப எண் இல்லாமல் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அவன் நினைத்துக்கூடப் பார்க்காத இன்னொன்று, ரோட்டுச் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 108ஆவது விதி, வண்டியின் பின்பக்கம் சிவப்பு அல்லாத வெளிச்சம் காட்டக்கூடாது என்கிறது. ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஓடும் எழுத்துக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2017இல் கிராஷ் கார்டு, புல் பார்களைக் கழற்றச் சொல்லி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் இதை வைத்துத்தான். காப்புரிமை வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான். காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமை, நம்மை ஓட்ட அனுமதிக்கும் உரிமை அல்ல. அதே போல, விற்பனைக்கு உள்நாட்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காப்புரிமையை மறுக்கவும் கூடாது. இந்தியா 1998இல் சேர்ந்த பாரிஸ் உடன்படிக்கை அதைச் சொல்கிறது. ஆக, கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு வேலை, ஆர்டிஓ அலுவலகத்தில் வேறு வேலை.

யாராவது காப்பி அடித்தால்? காப்புரிமை கிடைக்கும் வரை வழக்குப் போட முடியாது. கிடைத்த பிறகு ஊட்டி மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கலாம். ஆனால் எதிராளி 'இந்தக் காப்புரிமையே செல்லாது' என்று எதிர்மனு போட்டால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும், போடாமல் இருக்க மாட்டார். இதைச் சொன்னபோது என் மனைவி உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் இப்பவே கோர்ட்டுக்குப் போயாச்சா, சாப்பிட வர்றீங்களா?" என்றாள்.

முடிவு இதுதான். உள்ளே இருக்கும் அந்த ஒரு சங்கதிக்கு மட்டும் தற்காலிக விவரக்குறிப்பு, இந்த வாரமே. வெளிநாடு இப்போதைக்கு வேண்டாம். வேண்டுமென்றால் முடிவெடுக்க அதே 12 மாதம் இருக்கிறது. பிராக்கெட்டும் வடிகாலும் ஊருக்கு. முதல் பம்பரில் ஜல்லி தெறித்துத் திரை கீறியதால் எப்படியும் அதை மாற்ற வேண்டியிருந்தது. புதிய வடிவம் நன்றாகவே வேறுபட்டு வந்தால், யார் கண்ணிலும் படும் முன் அதைப் பதிவு செய்யலாம்.

புதுப் பம்பரை இப்போது பட்டறைக்குப் பின்னால், இலைச் சாக்குகளுக்கு அடியில் வைத்திருக்கிறான். பழையதைக் கழற்றியாயிற்று. பிக்கப் பின்பக்கம் வெறுமனே நிற்கிறது, நேற்று ஒரு டிரைவர் வந்து, "அந்த எழுத்து எங்க தம்பி?" என்று கேட்டாராம். ரிப்பேர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.